தட்டான் யாருன்னு போட்டுக்குடுத்த அப்பன்

நேத்து பாப்பா கிளாஸ்ல முதல் பெஞ்ச்ல உக்காந்துட்டு வந்தேன்.

(நான் படிச்ச காலத்துல கடைசி பெஞ்ச். பத்தாவதையே ரெண்டு தடவை எழுதினவன்.)

நான் மாரண்டஹள்ளி மார்க்கெட்டுக்கு தக்காளி ஏத்துற குட்டியானை டிரைவர், அந்த சின்ன லோடு வண்டிதான். பாப்பா எட்டாவது, கவர்ன்மெண்ட் ஸ்கூல். எந்த ஸ்கூல், பேரு என்னன்னு கேக்காதீங்க. ஏன்னு போகப்போகத் தெரியும்.

அவங்க சயின்ஸ் டீச்சர் ஆன்லைன்ல ஃப்ரீயா கிடைக்கிற ஒரு போர்டு ஆரம்பிச்சாங்க. ஸ்கூல் நோட்டீஸ் போர்டு மாதிரியேதான், ஆனா போன்ல.

தக்காளித் தோட்டத்துல என்னென்ன பூச்சி சுத்துதுன்னு புள்ளைங்க பாத்து, வரைஞ்சு, நாலு வரி எழுதி, போட்டோ எடுத்து அதுல ஒட்டணும். சொந்தப் பேரு போடக்கூடாது, மூஞ்சி போட்டோ கூடாது. ஆளுக்கொரு பூச்சிப் பேரு.

எங்க பாப்பா தட்டான்.

ஹெச்.எம். சாருக்கு இதுல அரை மனசு. "திங்கக்கிழமை பாக்குறேன். கண்டதெல்லாம் கெடந்தா அன்னைக்கே மூடிடணும்"னு சொல்லியிருக்கார்.

இதெல்லாம் எனக்கு அப்பத் தெரியாதுங்க. ஞாயித்துக்கிழமை ஸ்கூல்ல இருந்து வூட்டுக்காரம்மா போனுக்கு ஒரு லிங்க் வந்திருந்துச்சு. தொட்டேன்.

தட்டான் படம். றெக்கையில நரம்பு நரம்பா வரைஞ்சிருக்கு. "கொசுவைத் தின்னும். இதைப் பிடிச்சு நூல் கட்டாதீங்க"ன்னு கீழ எழுதியிருக்கு. கையெழுத்தைப் பாத்ததும் தெரிஞ்சிடுச்சு.

பெத்தவன் சும்மா இருப்பானா?

படத்துக்குக் கீழயே டைப் பண்ணேன். பாப்பாவோட முழுப் பேரு, என் பேரு, ஊரு, தெரு. "தினமும் எட்டு மணி பஸ்ல போய் படிக்குற என் தங்கம்."

அதோட வுட்டேனா? லிங்க்கைத் தூக்கி சொந்தக்காரங்க குரூப்புல போட்டு, "எல்லாரும் வாழ்த்துங்க"ன்னேன்.

வாழ்த்தினாங்க.

திங்கக்கிழமை ஹெச்.எம். சார் கிளாஸ் ஸ்கிரீன்ல போர்டைத் திறந்தா, முதல்ல ஒரு பெரிய ரோஜாப்பூ, இனிய காலை வணக்கம். அடுத்து என் மச்சான் பையனோட காதுகுத்து, கெடா விருந்து பத்திரிகை. அதுக்குக் கீழ "தக்காளி நாத்து கிடைக்கும்", போன் நம்பரோட.

அதுக்கும் கீழ தட்டான். தட்டானுக்குக் கீழ எங்க வூட்டு அட்ரஸ்.

சாயங்காலம் பாப்பா வந்து பையை வச்சா. என் பக்கமே திரும்பல. அவங்கம்மாகிட்ட சொன்னா: "போர்டை மூடப்போறாங்களாம்மா. கிளாஸே வரைஞ்சது போச்சு. எல்லாம் உன் வூட்டுக்காரராலதான்."

(அப்பாவா இருந்தவன் 'உன் வூட்டுக்காரர்' ஆயிட்டேன்.)

மறுநாள் லோடு எறக்கிட்டு நேரா ஸ்கூலுக்குப் போனேன்.

"யாருங்க இது, கெடா விருந்துக்கு எங்க எல்லாரையும் கூப்பிட்டிருக்கறது?" ஹெச்.எம். கேட்டார்.

"என் மச்சானுங்க சார். நீங்களும் அவசியம் வரணும்."

டீச்சர் குனிஞ்சு சிரிப்பை அடக்கினாங்க. சார் சிரிக்கல.

"புள்ளைங்க பேரை மறைச்சு வச்சதே அவங்க பாதுகாப்புக்குத்தாங்க. நீங்க பஸ் டைம் வரைக்கும் போட்டிருக்கீங்க. அது யார் கையில போய்ச் சேரும்னு தெரியுமா உங்களுக்கு?"

அப்பதாங்க எனக்கு உறைச்சுது. அந்த குரூப்புல பாதிப் பேரு யாருன்னு எனக்கே தெரியாது.

"தப்பு நான் பண்ணதுங்க சார். புள்ளைங்க ஒரு ரூலையும் மீறல. அவங்க போர்டை மூடிடாதீங்க."

டீச்சரும் சொன்னாங்க. "என் மேலயும் தப்பு இருக்குங்க சார். லிங்க் இருந்தா யார் வேணா எழுதலாம்னு வுட்டுட்டேன். வந்ததையெல்லாம் நேத்தே எடுத்தாச்சு. இப்ப பாஸ்வேர்டு போட்டிருக்கேன். நான் பாத்து வுட்டாதான் எதுவும் போர்டுக்கு வரும்."

சார் போன்ல அந்தத் தட்டானைப் பெருசாக்கிப் பாத்தார்.

"போர்டு இருக்கட்டும்மா. பாடம் வேண்டியது பெத்தவங்களுக்குத்தான். வெள்ளிக்கிழமை கூட்டம் போடுங்க, புள்ளைங்களே எடுக்கட்டும்." என் பக்கம் திரும்பினார். "நீங்க முதல் பெஞ்ச்."

நேத்துதான் அந்தக் கூட்டம். ஃப்ரீயா கிடைக்கிற ஒரு டிராயிங் ஆப்ல புள்ளைங்க போஸ்டர் செஞ்சிருந்தாங்க. ஒரு ஆளு சிரிச்சுக்கிட்டே ஃபார்வர்ட் பட்டனை அமுக்குறான். போனுக்குள்ள இருந்து வூடு, தெரு, பஸ்ஸு எல்லாம் பறந்து போகுது. கீழ, "அனுப்பறதுக்கு முன்னாடி கேளுங்க."

பேரு போடல, போட்டோவும் போடல. ரூல்படிதான்.

ஆனா அந்த மீசையும், கழுத்துல பச்சைத் துண்டும், பின்னாடி நிக்கிற குட்டியானையும்...

பின் பெஞ்ச்ல இருந்து ஒரு அம்மா, "அண்ணா, நேர்ல பாக்குறதை விட இதுல நல்லா இருக்கீங்க"ன்னாங்க.

வூட்டுக்கு வந்ததும் பாப்பாகிட்ட மெதுவா கேட்டேன். "அந்த போஸ்டரை நான் போன்ல எழுதுற பக்கத்துல போட்டுக்கட்டுமா?"

"நாங்க ஒன்பது பேரு சேந்து வரைஞ்சதுப்பா. மத்த எட்டு பேரையும் கேக்கணும்."

(கவனிச்சீங்களா? மறுபடி அப்பா ஆயிட்டேன்.)

ஆறு பேரு சரின்னுட்டாங்க. ரெண்டு பேரு இன்னும் ஒண்ணும் சொல்லல.

அதனால இந்தப் பதிவுல படம் இல்ல. மீசையை நீங்களே நெனச்சுக்கோங்க.