பியூலா டீச்சர் கம்பெனி வேனில் ஏறிய காரணம்

பியூலா தன் வாத்தியார் வேலையை விட்டுவிட்டுப் பட்டாசு ஆபீஸுக்கு, அதாவது பட்டாசுக் கம்பெனிக்கு, வேலைக்குப் போகிறாள் என்று எனக்குச் சொன்னது லட்சுமிகாந்தம் சித்தி. சித்திக்குச் சொன்னது பூக்காரம்மா. பூக்காரம்மாவும் கண்ணால் பார்த்தவள் இல்லை. அவள் மருமகள் பார்த்தாளாம். காலை ஆறே முக்காலுக்கு அச்சங்குளம் விலக்கில் கம்பெனி வேன் நின்றபோது, தூக்குவாளியோடு ஏறிய பெண்களுக்கு நடுவில் பியூலா டீச்சரும் ஏறினாளாம். ஒரு நாள் இல்லை, வாரத்துக்கு இரண்டு மூன்று நாள்.

"கவர்மெண்டு வேலைய விட்டுப்போட்டு யாராவது மருந்துல கை வைப்பாகளா? வீட்டுல என்னமோ நடந்திருக்கு. நீ பாட்டுக்கு அவகிட்ட எதையும் கேட்டுத் தொலைக்காத" என்று குரல்பதிவின் கடைசியில் சித்தி குசுகுசுத்தாள். டல்லாஸில் என் சமையலறையில் நின்று அதை மூன்று தடவை கேட்டேன். ஊருக்குப் போன் போட்டு நான்காவது மணி அடிப்பதற்குள் யாரும் எடுக்காவிட்டாலே, சிவகாசிப் பக்கம் ஏதாவது வெடிவிபத்துச் செய்தி உண்டா என்று தேட ஆரம்பிக்கிற ஆள் நான். கேட்காதே என்று சொன்னால் இருப்புக் கொள்ளுமா? ஜூலையில் விருதுநகருக்கு வந்த மூன்றாம் நாளே சாத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

பியூலாவும் நானும் பத்தாவது வரை ஒரே பெஞ்சு. ப்ளஸ் ஒன்னில் நான் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறினேன், அவள் தமிழ் மீடியத்தில் இருந்துகொண்டாள். இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். மார்க் எப்போதும் அவளுக்குத்தான் அதிகம். ஆனால் எனக்கு ஒரு மாமா இருந்தார். மதுரை வரை போய் விண்ணப்பம் வாங்கி வந்து, அவரே நிரப்பி, என்னிடம் கையெழுத்து மட்டும் கேட்டார். அவளுக்கு அப்படி யாரும் இல்லை. எந்தக் காலேஜ் என்று நான் கேட்டபோது, "எங்க தெருவுல எந்தக் காலேஜ் பஸ்சு நிக்குதோ அந்தக் காலேஜ்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். கடைசியில் அதுதான் நடந்தது. பி.காமில் இடம் இருந்ததால் பி.காம். டாக்டராகியிருப்பாள் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. அவளிடம் யாரும் கேட்கவே இல்லை, அவ்வளவுதான்.

இப்போது சாத்தூருக்கு மேற்கே ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியை. ப்ளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளுக்கு மேல்படிப்பு வழிகாட்டும் பொறுப்பும் அவள் தலையில் விழுந்து ஆறு வருஷம் ஆகிறது. "யாரும் வேணாம்னு சொன்ன வேல. வேணாம்னு சொல்ல மறந்துட்டேன்" என்பாள்.

வீட்டில் உட்கார்ந்ததுமே கேட்டுவிட்டேன். பியூலா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"ஏ தங்கம், இதுக்கா விருதுநகர்லருந்து மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தே?"

அவள் கணவர் சாலமன்ராஜ் சிவகாசியில் ஆப்செட் மெஷின் ஓட்டுகிறவர். காலண்டர் சீசன் தொடங்கிவிட்டதால் கையில் மைக்கறை போகாத நாட்கள். அவர் காப்பித் தம்ளரை நீட்டிக்கொண்டே, "சீசனுக்கு ஆள் பத்தாம டீச்சரையே தூக்கிட்டுப் போயிட்டாகன்னு நாந்தான் நாலு பேர்ட்டச் சொன்னேன் அக்கா. அது இம்புட்டு தூரம் போகும்னு நெனைக்கல" என்றார்.

"ஒங்க வாய்க்கு மொதல்ல ஒரு கேட் போடணும்" என்றாள் பியூலா.

காரணம் இதுதான். பெற்றோர் கூட்டம் என்று பள்ளியில் வைத்தால் எட்டுப் பேர் வருவார்கள். எட்டில் மூன்று பேர் தாத்தா. அம்மாமார்கள் எல்லாம் பட்டாசு ஆபீஸில் இருப்பார்கள். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு. உள்ளே போன் கொண்டுபோக முடியாது, வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மாலையில் வீட்டுக்குப் போனால் அடுப்பு, தண்ணீர், துணி. அவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரே நேரம் வேனில் போகிற இருபத்தைந்து நிமிஷம். ஆகவே பியூலா வேனில் ஏறினாள். கம்பெனி வாசலில் இறங்கி, டவுன் பஸ்ஸைப் பிடித்து, ஒன்பது மணி பிரேயருக்குப் பள்ளிக்கு வந்துவிடுவாள். தூக்குவாளியில் இருப்பது அவளுடைய காலைச் சாப்பாடு.

மறுநாள் நானும் ஏறினேன். மகளை என்னவாக்கப் போகிறீர்கள் என்று அவள் ஒருத்தியிடமும் கேட்கவில்லை. "ஜாதிச் சான்றிதழ எங்க வச்சிருக்கீக?" என்று கேட்டாள். "கல்யாணச் சேலைக்கு அடியிலயா? எடுத்து வெளிய வைங்க, அந்துருண்டை பட்டு எழுத்து போயிரும்." இன்னொருத்தியிடம், "ஒங்க வீட்டுக்காரர் எந்தக் கிழமை தெளிவா இருப்பாரு? சும்மா சொல்லுங்க, கையெழுத்துக்குத்தான்." வேனே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்து, "திங்கக்கிழம காலம்பற மட்டும் டீச்சர்" என்றாள். பியூலா நோட்டில் அதைக் குறித்துக்கொண்டாள். பிள்ளைக்கு ஒரு பக்கம். பக்கத்தின் தலையில் மூன்றே கேள்வி: யார் சம்மதிக்க வேண்டும், யார் கையெழுத்து, யார் போன்.

மூன்றாவது கேள்விக்காகவே அவள் தனியாக ஒரு பட்டன் போன் வைத்திருக்கிறாள். எண் பதிமூன்றில் முடியும். அம்மா பட்டாசு ஆபீஸில் என்றால் விண்ணப்பத்தில் அந்த எண்ணைத்தான் போட வேண்டும். ஓடிபி வருகிற நேரத்தில் அம்மாவின் போன் வாசல் அலமாரியில் கிடந்து ஒரு வருஷம் ஒரு பையனுக்கு இடம் போனது. அதிலிருந்து இது அவளுடைய சட்டம்.

அந்தச் சட்டத்தை மீறியவள் பிரீத்திகா. அது தெரியவந்தது அந்த வாரம் வெள்ளிக்கிழமை.

பிரீத்திகாவின் அம்மா வெள்ளைத்தாய், தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிறவள். அப்பா இல்லை. பொறியியல் கவுன்சலிங்கில் முந்தின நாள் பிரீத்திகாவுக்கு ஓர் அரசுக் கல்லூரியில் இடம் ஒதுக்கி வந்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கம்ப்யூட்டரில் ஏற்றுக்கொண்டதாக உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். நான் வேடிக்கை பார்க்கப் பள்ளிக்குப் போயிருந்தேன். பதினொரு மணி. பிள்ளை பட்டனை அமுக்கினாள். ஓடிபி அனுப்பியாயிற்று என்றது திரை. மேஜையில் இருந்த பதிமூன்றாம் எண் போன் சும்மா கிடந்தது. மறுபடியும் அமுக்கினாள். மறுபடியும் சும்மா. இன்னும் ஒரு முறைதான் அனுப்ப முடியும் என்று சிவப்பில் ஒரு வரி வந்தது.

பியூலா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகில் போனாள். "நாப்பத்தாறுல முடியுதே. இது யார் நம்பர்?"

பிரீத்திகா தலையைக் குனிந்துகொண்டாள். "அம்மா நம்பர் டீச்சர். போன மாசம் நாந்தான் மாத்தினேன்."

"ஏன்டி?"

"சீட் கெடச்சா மெசேஜ் வரும்னு சொன்னீகள்ல. அது மொதல்ல அம்மாவுக்கு வரட்டும்னு… நேத்துக்கூட அம்மாட்ட நான் சொல்லல."

திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். பியூலா பதிமூன்றை எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுத்து, "இங்கனயே உக்காரு. நான் போன்ல சொல்ற வரைக்கும் எதையும் அமுக்காத. ஒண்ணுக்கு வந்தாக்கூட எந்திரிக்காத" என்றாள். என்னைப் பார்த்து, "தங்கம், வண்டியில ஏறு."

ஸ்கூட்டரில் போகும்போது நானே ஐந்து தடவை மணி பார்த்தேன். டல்லாஸில் என் மகளின் பள்ளியில் மேல்படிப்புக்கு வழிகாட்டவென்றே ஓர் அறை, மெத்தை நாற்காலி, முன்கூட்டி நேரம் வாங்கிக்கொண்டுதான் பார்க்க முடியும். வாரத்துக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பி அங்கே உட்காரும் ஆலோசகர் அம்மாவைத் தொந்தரவு செய்கிறவள் நான். இங்கே அதே வேலையைச் செய்கிறவள் முன்னால் உட்கார்ந்து, லோடு லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டு, கரிசல் காட்டுக்கு நடுவில் வண்டியை விரட்டிக்கொண்டிருந்தாள்.

கம்பெனி வாசலில் வாட்ச்மேன் ஊர்க்காவலன். அறுபது வயதிருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்து, "இந்த நைலான் சேலையோட இந்தக் கோட்டத் தாண்டிராதீகம்மா, பொறி தட்டிரும்" என்றார் முதலில். பிறகுதான் வணக்கம். அவருக்குப் பின்னால் மர அலமாரியில் தொண்ணூறு போன் இருக்கும். ஒவ்வொன்றும் கைக்குட்டையில் சுற்றி, கட்டத்துக்கு ஒன்றாக.

பியூலா விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "டோக்கன்?" என்றார்.

"டோக்கன் வெள்ளைத்தாய்ட்ட உள்ள இருக்கு."

"டோக்கன் இல்லாமத் தர மாட்டேன் டீச்சர். என் சொந்தப் பேத்தி வந்தாலும் தர மாட்டேன்."

"நான் ஒங்க வேன்ல வர்றவதான?"

"அதுக்கு வேன் டிரைவர்ட்ட கேளுங்க."

"சரி. அப்ப நீங்க உள்ள போயி டோக்கன வாங்கிட்டு வாங்க."

"அப்ப கேட்டை யாரு பாக்கது?"

"நான் பாக்கேன்" என்றாள் பியூலா.

அவர் யோசித்தார். மேற்பார்வையாளருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்து, தன் விசிலைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். பத்தடி போனவரை பியூலா கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, போன ஒடனே பேரச் சொல்லிக் கூப்பிடாதீக. மொதல்ல சிரிங்க. 'ஒண்ணுமில்ல, நல்ல விஷயம்'னு சொல்லிட்டு அப்பறமா பேரச் சொல்லுங்க. பேரச் சொல்லிக்கிட்டு வாட்ச்மேன் வந்தா, அந்த அம்மா நின்ன எடத்துலயே விழுந்துரும். காலேஜ் சீட் கெடச்ச சங்கதியும் சொல்ல வேணாம், அத மக சொல்லட்டும். பாரத்துக்குப் போன் வேணும்னு மட்டும் சொல்லுங்க."

அவர் நின்று தலையாட்டினார். இரண்டு அடிக்கு ஒரு தடவை சிரித்துப் பார்த்துக்கொண்டே போனார்.

கழுத்தில் விசிலோடு பியூலா அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்தாள். அட்டைப்பெட்டி லோடு ஏற்றி வந்த ஒரு மினி லாரி நின்றது. டிரைவர் அவளைப் பார்த்து, "என்ன டீச்சர், இங்கயும் நீங்கதானா?" என்றான். அவளிடம் படித்தவன். "லோடு சீட்டக் காட்டுலே" என்றாள் அவள். காட்டினான். "நாளைக்கு பூக்காரம்மாவுக்குப் புதுச் சேதி கெடச்சிருச்சு" என்றாள் என்னிடம்.

கால் மணி நேரம் கழித்து ஊர்க்காவலன் வந்தார். கையில் தகர டோக்கன். "ஏன் எதுக்குன்னே கேக்கல டீச்சர். 'டீச்சர் கேட்டா டோக்கன் என்ன, காதுல கெடக்கதையே கழட்டித் தருவேன்'ன்னுச்சு."

வெள்ளைத்தாயின் போன் கைக்கு வந்தது. பியூலா பிரீத்திகாவுக்குச் சொல்வதற்கு முன் முதலில் மெசேஜ் பெட்டியைத் திறந்தாள். நினைத்தபடியே நிறைந்து கிடந்தது. புதிதாக எது வந்தாலும் உள்ளே நுழையாது. ரீசார்ஜ், லோன், பரிசு என்று ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போனவளின் விரல் ஓரிடத்தில் நின்றது. என்னிடம் காட்டினாள். மே மாதம் வந்த செய்தி. பிரீத்திகாவின் ப்ளஸ் டூ மதிப்பெண், பாடம் பாடமாக. வெள்ளைத்தாய்க்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. பியூலா அதைத் தாண்டி அடுத்ததை அழித்தாள்.

தன் போனில் பள்ளிக்கு அழைத்து, "இப்ப அமுக்கு" என்றாள்.

மூவரும் அந்தச் சின்னத் திரையைக் குனிந்து பார்த்தோம். ஒரு நிமிஷம் போயிருக்கும். டிங் என்றது. பியூலா ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாக, பரீட்சை ஹாலில் நம்பர் வாசிப்பது போல வாசித்தாள். மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம். பிறகு ஒரு விசும்பல்.

"ஏறிருச்சா?"

"ஏறிருச்சு டீச்சர்."

"ஸ்தோத்திரம்" என்றாள் பியூலா. விசிலைக் கழற்றி ஊர்க்காவலனிடம் கொடுத்தாள். மணி பன்னிரண்டரை. வெள்ளைத்தாயின் போனில் இன்னொரு செய்தி வந்து உட்கார்ந்தது, இடம் உறுதியானதாக. பியூலா அதைத் திறக்கவில்லை. கைக்குட்டையில் பழையபடி சுற்றி, அது இருந்த கட்டத்திலேயே வைத்தாள்.

மறுமுனையில் பிரீத்திகா இன்னும் இருந்தாள். "டீச்சர், அம்மாவுக்கு நான் போன் போடட்டா?"

"அம்மா நாலரைக்குத்தான்டி வெளிய வருவாக."

"தெரியும் டீச்சர். எடுத்துப் பாக்கும்போது என் மிஸ்டு கால் இருக்கும்ல."

"போடு" என்றாள் பியூலா.

ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டிருந்தோம். அலமாரியில் கைக்குட்டைக்குள் அந்தப் போன் அடிக்கத் தொடங்கியது. நான்காவது மணி தாண்டியது. பழக்கதோஷத்தில் என் கை செய்தி தேட என் போனுக்குப் போனது. ஊர்க்காவலன் அலமாரிப் பக்கம் கையை நீட்டி, "பாவம், நான் எடுத்து…" என்றார்.

"கைய வச்சீக, நாளையிலருந்து இந்த ஸ்டூலு எனக்கு" என்றாள் பியூலா. "அடிக்கட்டும் அண்ணாச்சி."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். போன் அடித்துக்கொண்டே இருந்தது.