முதலில் காயம் என்று சொல்

பெர்னடெற்றுக்கு உக்ரேனிய மொழியில் ஒழுங்காக ஒரு வசனம் பேசத் தெரியாது. ஆனால் அந்த நாட்டு இளசுகள் வாயில் புரளுகிற தெருப்பேச்சு ஒரு கொப்பி நிறைய இருந்தது. ரெய்னர்ஸ் லேன் என்கிற இங்கிலீசு ஊரில், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிற ஐம்பத்தெட்டு வயதுக்காரிக்கு இது என்ன வேண்டாத வேலை என்று கணவன் கிறிஸ்துநாயகம் பகிடி பண்ணுவார்.

கோயிலில் சுவாமியார், வீட்டில் அறை இருக்கிறவர்கள் போருக்குத் தப்பி வந்த சனத்துக்கு இடம் கொடுங்கள் என்று கேட்ட ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துநாயகம் நிலத்தைப் பார்த்தார். பெர்னடெற் கையைத் தூக்கிவிட்டாள். மகள் கலியாணம் முடித்துப் போனபின் சும்மா கிடந்த அறைக்கு ஹாலினா வந்தாள். கணவன் இல்லாதவள். ஒரே மகன் ஒஸ்டாப் போர்முனையில் நின்றான்.

முதல் கிழமையே பெர்னடெற் போனில் ஒரு செயலியை இறக்கிப் பாடம் படித்தாள். காலையில் தேநீரோடு போய் அதிலே படித்ததை ஒப்புவித்தாள். ஹாலினா வந்த நாளில் இருந்து அன்றைக்குத்தான் சிரித்தாள். எங்கள் நாட்டில் மந்திரிகூட இப்படிப் பேசமாட்டார் என்று அரைகுறை இங்கிலீசில் சொல்லிவிட்டு, தானே சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள்.

வெங்காயம் உரிக்கிற நேரத்தில்தான் பாடம் நடக்கும். 'நோர்ம்' என்றால் பரவாயில்லை. 'தா நு' என்றால் சும்மா போ, நம்பமாட்டன். 'கபெட்ஸ்' என்றால் எல்லாம் துலைஞ்சுது. இந்தக் கடைசிச் சொல் பெர்னடெற்றுக்கு மெத்தப் பிடித்துப்போயிற்று. சோறு குழைந்தாலும் கபெட்ஸ், பஸ் தவறினாலும் கபெட்ஸ்.

ஒஸ்டாப் பேசுகிற சொற்கள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருந்தன. காலையில் அவன் ஒரு கூட்டல் குறி அனுப்புவான். உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். நாலு, அஞ்சு, சைபர் என்றால் இங்கே எல்லாம் அமைதி. 'த்ரிஸ்தா', முந்நூறு என்றால் காயப்பட்டவன். 'த்வீஸ்தி', இருநூறு. அதற்கு ஹாலினா விளக்கம் சொல்லவில்லை. கத்தியை வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். பெர்னடெற் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு சிலுவை கீறிவிட்டுக் கொப்பியை மூடினாள்.

அந்தச் சனிக்கிழமை வந்தபோது, நாலு நாளாகக் கூட்டல் குறி வரவில்லை. சிக்னல் இல்லாத இடமாக இருக்கும் என்று ஹாலினா ஹோட்டல் சலவை வேலைக்குப் போய்விட்டாள். பன்னிரண்டு மணிக்குப் பெர்னடெற்றின் போன் அடித்தது. ஹாலினாவின் தங்கை லெஸ்யா, உக்ரேனில் இருந்து. அவசரத்துக்கென்று ஹாலினா அவளுக்குக் கொடுத்துவைத்திருந்த நம்பர். லெஸ்யாவுக்கு இங்கிலீசு வராது. அழுகைக்குள் இரண்டே சொல்தான் சொன்னாள்.

"ஒஸ்டாப் த்வீஸ்தி."

விளங்காமல் இருந்திருக்கலாம். ஊர் உலகத்தில் இல்லாத ஆசையாக இந்தப் பேச்சைப் படித்த தன்னிலேயே பெர்னடெற்றுக்கு ஆத்திரம் வந்தது. பின்னால் லெஸ்யா போனில் மொழிபெயர்த்து அனுப்பிய செய்தி ஒன்றும் வந்தது. இராணுவத்துக்காரர் இன்று வீட்டுக்கு வந்து சொன்னார்கள். அக்கா தெருவில் வைத்துக் கேட்கக்கூடாது. நீ பக்கத்தில் இருந்து சொல்லு.

பெற்றோல் நிலையத்தில் ஷிப்டில் நின்ற கிறிஸ்துநாயகத்துக்கு அடித்தாள்.

"இஞ்சாருங்கோ, ஹாலினான்ர பெடியன் போயிட்டான். என்னைத்தான் சொல்லச் சொல்லீனம். நான் என்னெண்டு சொல்லுறது?"

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "உடனை சொல்லிப்போடாதை. முதல் காயமெண்டு சொல்லு. வயித்துக்கு ஏதும் குடுத்திட்டுச் சொல்லு. பிறகு அவள் எத்தினை நாள் தின்னமாட்டாளோ. நான் லீவு கேட்டிட்டு வாறன்."

அது அவளுக்கும் தெரிந்த முறைதான். எங்கள் சனம் சாவைச் சாவென்று சொல்லாது. அவளுடைய அண்ணை செத்த அன்று, காயம், பெரியாஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்றுதான் அம்மாவுக்குச் சொன்னார்கள். சொன்னவரின் முகத்தை ஒருதரம் பார்த்தவுடன் அம்மா நிலத்தில் விழுந்துவிட்டாள். மிச்சத்தை யாரும் சொல்லவேண்டி வரவில்லை.

ஆகவே பெர்னடெற் சமைத்தாள். சோறு, பருப்பு, உறைப்பில்லாத கோழிக்கறி. மூன்று மணிக்கு ஹாலினா வந்து சப்பாத்தைக் கழற்றினாள். பெர்னடெற் அவளைக் கதிரையில் இருத்தி, சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"லெஸ்யா போன் பண்ணினாள். ஒஸ்டாப்... த்ரிஸ்தா."

ஹாலினா அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"த்ரிஸ்தா? உயிரோடு?" என்று எழும்பினாள். சிலுவை போட்டாள். பெர்னடெற்றைக் கட்டிப்பிடித்துக் கழுத்தில் முத்தமிட்டாள். பிறகு அழுதுகொண்டே சிரித்தாள். கால் போனாலும் காரியமில்லை, கை போனாலும் காரியமில்லை, இனி ஆஸ்பத்திரிக் கட்டில், இனி அவனை அங்கே திருப்பி அனுப்பமாட்டார்கள், இனி ஒவ்வொரு காலையும் போனைப் பார்க்கத் தேவையில்லை என்று மூச்சுவிடாமல் சொன்னாள். நோர்ம், பெர்னடெற், நோர்ம்.

பெர்னடெற்றின் அம்மாவுக்கு முகத்தில் விளங்கியது இவளுக்கு ஏன் விளங்கவில்லை? இவர்களுடைய பேச்சில் முந்நூறு என்றால் முந்நூறுதான். அதற்குப் பின்னால் வேறொன்றும் ஒளித்துவைக்கிற பழக்கம் இல்லை. அதைக் கொப்பியில் எழுதித் தர ஒருவரும் இருக்கவில்லை.

ஹாலினா சாப்பிட்டாள். நாலு நாள் பசி. கோழிக்காலை எலும்புவரை கடித்தாள், இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள். பெர்னடெற் போட்டாள். போடாமல் என்ன செய்வது? ஒவ்வொரு வாய்க்கும், இதோடு சொல்லிவிடுவேன், இதோடு சொல்லிவிடுவேன் என்று நின்றாள். கிறிஸ்துநாயகம் வரவில்லை. மாற்றாள் இன்னும் வந்து சேரவில்லையாம்.

கையைக் கழுவிவிட்டு ஹாலினா போனை எடுத்தாள். மகனுக்கு ஒரு கூட்டல் குறி அனுப்பினாள். இன்றைக்கு நான் அனுப்புகிறேன் என்று கண்ணைச் சிமிட்டிவிட்டு, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க லெஸ்யாவின் நம்பரைத் தேடினாள்.

பெர்னடெற் போனுக்கு மேலே தன் உள்ளங்கையை வைத்தாள்.

"ஹாலினா. த்ரிஸ்தா இல்லை."

இப்போதுதான் ஹாலினா அவளுடைய முகத்தைப் பார்த்தாள். இருநூறு என்று பெர்னடெற் வாய் திறந்து சொல்லவேண்டியிருக்கவில்லை. ஆனாலும் சொன்னாள். இன்னொருதரம் பிழைவிடப் பயமாக இருந்தது.

ஹாலினா கத்தவில்லை, விழவில்லை. மேசையில் கிடந்த எலும்பையும் கழுவாத கோப்பையையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல, தெரிந்த இங்கிலீசில் மெதுவாகக் கேட்டாள்:

"நீ ஏன் என்னைச் சாப்பிட விட்டாய்?"