ராஜையன் அண்ணனும் இழுவைப் பெட்டியும்

தக்கலையில் இருந்து தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்கு ஐஸ் கொண்டுபோகும் பிக்கப் வண்டிகளில் ஒன்று ராஜையன் அண்ணனுடையது. அதில் ஐஸ் கட்டிகளைக் கொக்கி போட்டு ஏற்றி இறக்குகிற வேலை எனக்கு. பதினோரு வருஷமாகிறது. அண்ணனுக்கு ஐம்பத்தாறு வயது. மஸ்கட்டில் தண்ணீர் லாரி ஓட்டிவிட்டு வந்து இந்த வண்டியை எடுத்தார். முதல் நாள் எங்கள் சபைப் போதகர் ஸ்டியரிங்கில் கை வைத்து ஜெபித்தார். அன்று முதல் அந்த வண்டிக்குள் ஒரு கெட்ட வார்த்தை நான் கேட்டதில்லை. முன்னால் போகிற ஆட்டோ திடீரென்று திரும்பினால்கூட, "போ மக்கா, கர்த்தர் உன்னைக் காக்கட்டும்" என்றுதான் சொல்லுவார். சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார் என்பதும் உண்மை.

எங்கள் ஐஸில் முக்கால் பங்கு ஜாஸ்பருக்குப் போகிறது. அவருக்கு மூன்று படகுகள். போன சித்திரையில் ஒரு திங்கட்கிழமை, நாங்கள் போய் நின்றதும் அவர் வாட்சைப் பார்த்தார்.

"ஓய் ராஜையன், ஒம்பதுக்கு முன்ன ஐஸ் வரணும்னு எத்தனை மட்டம் சொல்ல? ஒம்பதரைக்கு வாரீரு. என் ஆளுவ அதுவரைக்கும் கடல எண்ணிட்டு இருக்கணுமா?"

"ஏத்தத்துல வண்டி இழுக்க மாட்டேங்குது ஜாஸ்பரே."

"அப்பம், இழுக்கிற வண்டி வச்சிருக்கவனப் பாக்கட்டா? சனிக்கிழமைக்குள்ள ஒரு வழி சொல்லும்."

ஜாஸ்பரின் ஐஸ் போய்விட்டால் எங்கள் வண்டி வாரத்தில் நான்கு நாள் சும்மா நிற்கும். தக்கலை வந்ததும் அண்ணன் நேராக மெக்கானிக் அனில்குமாரின் பட்டறைக்கு வண்டியை விட்டார்.

அனில்குமார் அலமாரியில் இருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்துக் காட்டினான். சோப்புக்கட்டி அளவுதான் இருந்தது. இரண்டு பக்கமும் வயர் தொங்கியது.

"டியூனிங் பாக்ஸ் அண்ணா. இஞ்சினுக்குப் போற டீசலை இது கூட்டிக் குடுக்கும். இழுவை கூடும். மாட்டினா வண்டி பறக்கும் கேட்டியளா."

"பறக்காண்டாம் மக்கா, ஏறினா போதும்."

"ரெண்டு நாளு மாட்டி ஓட்டிப் பாரும். பிடிச்சில்லேன்னா கழத்தித் தாரும்."

"இஞ்சினுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"பைய ஓட்டினா ஒண்ணும் ஆகாது."

"பைய ஓட்டதுக்கு எனக்கு எதுக்குடே பெட்டி?"

அனில்குமார் சிரித்தான். வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி எஃப்.சி. எடுக்கப் போகிற அன்றைக்கு மட்டும் பெட்டியைக் கழற்றிவிட வேண்டும் என்றும் சொன்னான். எனக்கு அது இடித்தது. ஆபீசர் வந்தால் ஒளித்துவைக்கிற சாமான் எப்படி நல்ல சாமானாகும்? ஆனால் நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். இஞ்சினைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணனுக்குப் பெட்டியைக் கையில் வாங்கவும் மனம் வரவில்லை, விட்டு வரவும் மனம் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டார். மறுநாள் ஐஸ் ஏற்றும்போது, இன்னொரு வண்டிக்காரரான ஜான்ரோஸிடம் கேட்டார். ஜான்ரோஸ் அந்தப் பெட்டியை ஏற்கனவே மாட்டி ஓட்டுகிறவர்.

"எப்பிடி இருக்கு ஓய்?"

"நல்ல ஏறுது. மூணாம் மாசம் கிளச் போச்சு."

"பெட்டியாலயா?"

"அது எனக்கும் தெரியாது. பெட்டியக் கழத்தினா ஏறமாட்டேங்குது, மாட்டினா கிளச் கரிஞ்சு மணக்குது. மணந்தாலும் சாரமில்ல, போட்டும்னு ஓட்டுதேன்."

பிறகு அண்ணன் துபாயில் இருக்கிற தன் மருமகன் ஜெபிஷைப் போனில் கூப்பிட்டுக் கேட்டார். அவன், "மாமா, இங்க எல்லாவனும் போட்டிருக்கான், கண்ண மூடிட்டுப் போடும்" என்றான். கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொன்னது அண்ணனுக்கு இன்னும் கலக்கமாகிவிட்டது. டீசல் மிச்சமாகும் என்று ஒருவர் சொன்னார், இன்னொருவர் டீசல் குடிக்கும் என்றார். இரண்டு பேரும் சத்தியம் செய்யாத குறைதான்.

புதன்கிழமை சாயங்காலம் என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். அவர் மனைவி லீலாபாய் மைனி மூன்று சீட்டு மடித்து வேதப்புத்தகத்தின்மேல் வைத்திருந்தார். ஒன்றில் வேண்டும், ஒன்றில் வேண்டாம், ஒன்று வெறும் சீட்டு. பெண் பார்க்கிறதற்கும் வீட்டுக்கு அஸ்திவார வானம் தோண்டுகிறதற்கும் எங்கள் பக்கத்தில் இப்படிப் போட்டுப் பார்ப்பது உண்டு. வண்டிச் சாமானுக்கு யாரும் போட்டு நான் கண்டதில்லை. முழங்கால் போட்டு ஜெபித்தோம். என்னை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். வெறும் சீட்டு.

"பொறுத்திருக்கணும்னு அர்த்தம்" என்றார் அண்ணன்.

"கர்த்தர் பொறுப்பாரு. ஜாஸ்பர் பொறுப்பானா?" என்றார் மைனி.

கடைசியில், பொறுத்திருக்கிற நேரத்தில் பெட்டியை இரவல் வாங்கி ஓட்டிப் பார்ப்பதில் தவறில்லை என்று அண்ணனே ஒரு வழி கண்டுபிடித்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அனில்குமார் பெட்டியை மாட்டித் தந்தான். ஏழே முக்காலுக்கு ஐஸ் ஏற்றித் தார்ப்பாய் கட்டிப் புறப்பட்டோம். வண்டி வேறு வண்டியாகிவிட்டது. ஆக்ஸிலேட்டரில் காலை வைத்தால் முன்னால் பாய்ந்தது. கருங்கலுக்கு முன்னால் உள்ள நீண்ட ஏற்றத்தில் எப்போதும் முதல் கியரில் முக்கி முனகித்தான் ஏறும். அன்று மூன்றாவது கியரில் ஏறிவிட்டது. அண்ணன் சின்னப் பிள்ளையைப்போல என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ரசலு, கண்டியா?"

"கண்டேன் அண்ணே. ரோட்டைப் பாரும்."

இத்தனை சுகமாக ஏறியும் துறைமுகத்துக்குள் நுழையும்போது மணி ஒன்பதரை. ஜாஸ்பர் வாட்சைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"காலைல போன்ல என்னமோ பெட்டி மாட்டினேன்னு சொன்னீரே. பெட்டியையும் சொமந்துட்டு வந்ததுல லேட்டாயிட்டோ?"

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணன் முகம் வாடிவிட்டது. திரும்பி வந்ததும் அனில்குமார் லேப்டாப்பை மாட்டி அரைமணி நேரம் பார்த்தான். பெட்டி சரியாக வேலை செய்கிறது என்றான். "பின்ன நேரம் எங்க போச்சு?" என்று அண்ணன் அவனிடம் கேட்டார், என்னிடம் கேட்டார், வண்டியின் முன்னால் போய் நின்றும் கேட்டார்.

நேரம் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். பதினோரு வருஷமாகத் தெரியும். அவர் மனம் நோகுமே என்று சொல்லாமல் இருந்தேன். மறுநாள் சனிக்கிழமை. இனியும் சொல்லாமல் இருப்பது பாவம் என்று தோன்றியது.

"அண்ணே, நீரு வழியில நிறுத்துறீருல்லா."

"எங்க நிறுத்தினேன்?"

"கருங்கல் ரோட்டுல திரும்பினதுமே, மரச்சீனிக் கிழங்குக் கட்டோட நின்ன ரெண்டு பொம்பளைய ஏத்தினீரு. பொறவு பள்ளிக்கூடத்துச் சாரு. அவரு பேத்திக்கு மார்க்கு எத்தனைன்னு கேட்டுட்டு நின்னீரு. முத்துக்கனி அக்கா கடையில காலி சோடாப் பெட்டிய ஏத்தினீரு. இன்னைக்கு வண்டி நல்லா ஓடுதுன்னு, நேரம் கெடக்கே ரசலுன்னு சொல்லி, அந்த மரச்சீனிக்காரிகள சந்தைக்குள்ள கொண்டுபோயி விட்டீரு. மொத்தம் பன்னெண்டு இடம்."

"அதெல்லாம் நிறுத்தமாடே? ரெண்டு நிமிசம்."

"பன்னெண்டு ரெண்டு நிமிசம் அண்ணே. அக்கா கடை ஏத்தத்துக்கு அடியிலல்லா இருக்கு. தெனமும் அங்க நின்னுட்டு எடுத்தா எந்த வண்டி ஏறும்? இன்னைக்கு பெட்டி இருந்ததுனால ஏறிச்சு."

அண்ணன் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். ஏழில் நிறுத்திவிட்டார். அனில்குமார் போனட்டைத் திறந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டான்.

பெட்டி வேண்டாம் என்பது அப்படி முடிந்தது. ஆனால் அண்ணனுடைய குழப்பம் தீரவில்லை, கூடிவிட்டது. பெட்டி வேண்டுமா என்று யாரிடமும் கேட்கலாம். இதை யாரிடம் கேட்பது? கை காட்டுகிறவர்களைப் பார்த்தும் பார்க்காமல் போக அவரால் முடியாது. ஜாஸ்பரை விடவும் முடியாது. சனிக்கிழமை ஐஸ் ஏற்றிப் புறப்பட்டபோது, இன்றைக்கு நிறுத்துவதில்லை என்று சொல்லிக்கொண்டேதான் எடுத்தார். மரச்சீனிக்காரிகளைத் தாண்டிவிட்டார். ஐம்பது அடி போனதும் ரிவர்ஸ் எடுத்தார். அன்றும் ஒன்பதரைதான். ஜாஸ்பர் கரையில் இல்லை. அண்ணன் போனில் கூப்பிட்டு, "திங்கட்கிழமை மட்டும் இன்னும் ஒருநாள் பாரும்" என்று கெஞ்சினார்.

திங்கட்கிழமை, கருங்கல் ரோடும் குளச்சல் ரோடும் பிரிகிற இடத்தில் வண்டி நின்றது. பின்னால் பஸ்காரன் ஹாரனை அமுக்கினான். அண்ணனுடைய உதடு அசைந்தது. ஜெபமா, கணக்கா தெரியவில்லை. பிறகு குளச்சல் பக்கம் திருப்பினார்.

அந்த வழி சுற்று. ஏற்றம் குறைவு, வேகத்தடை அதிகம். ஆனால் எங்களை அங்கே யாருக்கும் தெரியாது. யாரும் கை காட்டவில்லை. எட்டு ஐம்பதுக்குத் துறைமுகம் சேர்ந்தோம். ஜாஸ்பர் தார்ப்பாயை அவிழ்க்கக் கை கொடுத்தார். அவர் அப்படிக் கை கொடுத்தால், வேலை நமக்குத்தான் என்று அர்த்தம்.

திரும்பும்போது அண்ணன் கருங்கல் வழியாகவே வந்தார். எங்களைக் கண்டதும் முத்துக்கனி அக்கா கடையை விட்டு இறங்கி ரோட்டுக்கே வந்துவிட்டார்.

"காலைல எங்க போனீரு? வண்டிக்கு என்ன?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல பிள்ளே."

"பின்ன உமக்கா? அந்த மரச்சீனிக்காரிக ரெண்டுபேரும் ஒருமணிக்கூறு நின்னுட்டு ஆட்டோ பிடிச்சுப் போயிருக்காளுவ."

அண்ணன் பொய் சொல்ல மாட்டார். உண்மையைச் சொல்லவும் அவருக்கு வார்த்தை வரவில்லை. "நாளைக்கும் வரமாட்டேன்னு அவளுவகிட்ட சொல்லிரு" என்றார். சொல்லிவிட்டு, அது சரியா என்று கேட்கிறவரைப்போல என் முகத்தைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. நான் ரோட்டைப் பார்த்தேன்.