டாக்டர் கெசியாவின் இரண்டு கையுறைகள்

ரத்தம் கொடுக்காததை வைத்தே ஒருவருடைய விசுவாசத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதைச் சேலையூரில் முதலில் நிரூபித்தவர், எங்கள் சபையின் செயலாளர் எட்மண்ட். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் இல்லாதவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார். டிக்கெட் வைத்திருப்பவனை இன்னும் அதிகமாகச் சந்தேகப்படுவார்.

அவர் கண்ணில் சிக்கியவர் டாக்டர் கெசியா. சபை நடத்தும் சிறிய ஆஸ்பத்திரியின் ஒரே அறுவை மருத்துவர். பம்மலிலிருந்தும் பீர்க்கன்கரணையிலிருந்தும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வருபவர்கள், அவரிடம் தையல் போட்டுக்கொண்டு நேராக நடந்து போவார்கள். விளைச்சலைக் காணிக்கையாகப் படைத்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகைக்கு முன்னால் வருஷா வருஷம் சபையில் ரத்த தான முகாம் நடக்கும். எல்லார் கையிலும் கெசியாதான் ஊசி குத்துவார். தன் கையை மட்டும் நீட்டமாட்டார்.

எட்மண்ட் முறையாக ஆராய்ந்தார். கஞ்சத்தனமா? இருக்காது. பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை எண்ணூறு ரூபாய்க்கு எடுத்தவர். பயமா? வயிற்றைக் கிழிப்பவருக்கு ஊசியிடம் என்ன பயம்! மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. ரத்தம் கொடுக்கவும் கூடாது, ஏற்றவும் கூடாது என்று வீடு வீடாகக் கதவைத் தட்டிச் சொல்லும் வேற்றுச் சபைக் கூட்டம். நம் டாக்டர் ரகசியமாக அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்!

சாட்சிக்கு, ஆபரேஷன் தியேட்டர் ஆயா எல்லம்மாவைப் பிடித்தார்.

"உள்ள வேற ஏதாச்சும் வித்தியாசமா பண்றாங்களா?"

"இன்னா வித்தியாசம்? அந்தம்மா எப்பவும் ரெண்டு கிளவுசு மாட்டிகினுதான் கத்தியத் தொடும். போ சார், வேலை கீது."

ரெண்டு கிளவுஸ்! ரத்தம் படக்கூடாது என்று அவ்வளவு வைராக்கியம்! கேஸ் முடிந்தது.

உண்மை வேறு. கெசியாவுக்குப் பிறந்தபோதே தாயிடமிருந்து ஹெபடைடிஸ் பி தொற்றியிருந்தது. மருத்துவக் கல்லூரியில் தடுப்பூசிக்கு முன் ரத்தம் சோதித்தபோதுதான் தெரிந்தது. "மேல்படிப்புக்கு ஸ்கின் எடுத்துக்கோம்மா, கத்தி வேணாம், ராத்திரி போனும் வராது" என்றார் பேராசிரியர். கெசியா சர்ஜரி எடுத்தார். தினம் மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு பரிசோதனை. கிருமி கருவிக்கே அகப்படாத அளவுக்கு அடங்கிக் கிடந்தது. இருந்தும் நோயாளிகளின் பாதுகாப்புக்காக இரண்டு கையுறை. ஆஸ்பத்திரித் தலைமை மருத்துவர் தயாளனுக்கு எல்லாம் தெரியும். சபைக் கமிட்டிக்குத் தெரியாது. சபையை விட்டுப் போனவர்களுக்கு அந்த ஆஸ்பத்திரியில் வேலை கிடையாது என்பது விதி. நோயைச் சொன்னாலும் தியேட்டர் கதவு மூடிவிடும் என்று பயந்தார். வடையில் ஒரு முடி கிடந்ததற்காகச் சமையல்காரரையே மாற்றிய கமிட்டி அது.

2006-இல் கமிட்டி அவரைக் கூப்பிட்டது.

"இந்த வருஷம் நீயே ஃபர்ஸ்ட் ரத்தம் குடும்மா. எல்லா டவுட்டும் கிளியர் ஆயிடும்" என்றார் எட்மண்ட்.

"முடியாது அங்கிள்."

"ஏன், அவங்க வேணாம்னுட்டாங்களா?"

"எவங்க?" கெசியா எழுந்து கதவைச் சாத்தினார். "எனக்கு ஹெபடைடிஸ் பி இருக்கு. பிறந்ததுலேருந்தே. என் ரத்தத்தை யாருக்கும் ஏத்தக்கூடாது."

எட்மண்ட் முன்னால் குனிந்தார்.

"அப்போ நீ அந்தக் கூட்டத்துல சேரலியா?"

"எந்தக் கூட்டம்?"

"ஸ்தோத்திரம்!" என்று எட்மண்ட் நாற்காலியில் சாய்ந்தார். "வெறும் வியாதிதானா! நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்."

"கீழாநெல்லி அரைச்சு மோர்ல குடிச்சியாம்மா?" என்றார் பொருளாளர் ஜெயசீலி.

"வாளி வாளியா குடிச்சாச்சு ஆன்ட்டி."

நோயாளிகளுக்கு ஆபத்தில்லை, மூன்று டாக்டர்கள் கூடிப் பார்த்துத்தான் தியேட்டரில் விட்டிருக்கிறோம் என்று தயாளன் விளக்கினார். கெசியா தொடரலாம், விஷயம் வெளியே போகக்கூடாது என்று கமிட்டி ஒருமனதாகத் தீர்மானித்தது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்குள் கேம்ப் ரோடு முழுவதும் தெரிந்துவிட்டது.

அன்று திருவிருந்து. எல்லாரும் திராட்சரசம் குடிக்க ஒரே கோப்பை. பிரசங்கம் முடிந்தபின் வருகிறவர்கள்கூட முதல் மணிக்கே வந்து முன்வரிசையைப் பிடித்தார்கள். கோப்பையால் பரவாது என்ற அறிவியலை அனைவரும் முழுமையாக ஏற்றுக்கொண்டு, கெசியாவுக்கு முன்னால் குடித்து முடித்தார்கள். அவருக்குப் பின்னால் நின்றவர் எட்மண்ட் மட்டும். அவரும் குடித்தார், கோப்பையைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு.

அந்தத் துணிச்சலுக்குக் காரணம் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் வேட்டிக்குள் ஒரு குடலிறக்கத்தை வளர்த்துவந்தார். தைக்க கெசியா வேண்டும். மறுவாரம் தியேட்டர் மேஜையில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்ப் படுத்திருந்தார்.

"மூணு கிளவுஸ் போடக்கூடாதாம்மா?"

"போடலாம் அங்கிள். அப்புறம் எது குடல், எது நூல்னு எனக்குத் தெரியாது."

எட்மண்ட் யோசித்தார். பிறகு பழைய தொழில் பழக்கத்தில் கையை நீட்டி, உள்ளே இரண்டாவது கையுறை நிஜமாகவே இருக்கிறதா என்று கெசியாவின் விரலை அழுத்திப் பார்த்தார்.

"தொட்டுட்டீங்களே அங்கிள்! இப்போ இது அசுத்தம்."

கெசியா இரண்டையும் உருவிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, முதலிலிருந்து கை கழுவப் போனார்.