கண்டம் வாங்க வளர்த்த மீன்

ஸ்ரீவில்லிபுத்தூரில் மீன் தொட்டிக் கடை வைத்திருக்கிறேன். வீடுகளுக்குப் போய்த் தொட்டி கழுவிக் கொடுப்பதும் நான்தான். இந்தத் தொழிலில் மீன்களால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. வளர்க்கிற மனிதர்களைத்தான் சகிக்க முடியாது.

அதில் முதல் இடம் ராஜபாளையத்து அண்ணாச்சி ஒருவருக்கு. வத்திராயிருப்புப் பக்கம் தோப்பு உள்ளவர். வாஸ்து மீன் என்று என்னிடம் ஒரு அரவானா வாங்கிக் கூடத்தில் வைத்திருந்தார். அது என்ன தின்னும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். மீன் என்ன பேங்க் வாட்ச்மேனா, ஒரே திசையைப் பார்த்து நிற்க?

ஆயுத பூஜை அன்று போன் வந்தது. "தம்பி, மீனு சாஞ்சு கெடக்கு. செத்த வந்து பாரு."

ஓடினேன். பூஜைக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று தொட்டித் தண்ணீரை முழுக்கக் கொட்டிவிட்டு, குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்து நிரப்பியிருக்கிறார்கள். பழைய தண்ணீரில் பாதியையாவது விட்டுவையுங்கள், புதுத் தண்ணீரில் குளோரின் போகட்டும் என்று வாய் வலிக்கச் சொல்லியிருந்தேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. கண்ணாடியில் மட்டும் சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று இருந்தன.

கடையிலிருந்து கேன்களில் கொண்டு போயிருந்த பழைய தண்ணீரை ஒரு டிரம்மில் ஊற்றி, காற்று மோட்டாரைப் போட்டு, மீனை அதில் விட்டேன். கவிழ்ந்து கவிழ்ந்து விழுந்தது. இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். செத்துவிடுமோ என்று பயமாக இருந்தது. விரல் நீளத்தில் வந்த நாளிலிருந்து நான் வளர்த்த மீன். பொழுது சாயும் நேரத்தில் செவுள் சீராக அசைந்தது. என் கையை உதறிவிட்டுத் தானாக நீந்தியது.

"பொழச்சிருச்சு அண்ணாச்சி!" என்றேன்.

அவர் முகம் தொங்கிவிட்டது. "பொழச்சிருச்சா?"

உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி, "அவியளுக்கு இந்த வருசம் கண்டம்னு ஜோசியர் சொன்னாரு. மீனு செத்தா அதோட போயிருமாம். செத்துருச்சான்னு பாக்கத்தான் ஒங்களக் கூப்பிட்டாவ. இப்ப என்ன செய்ய?" என்று என்னிடமே கேட்டார்.

எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனைக்குட்டி மாதிரி இருக்கிற மனுஷன், தன் சாவை ஒரு மீன் தலையில் கட்டப் பார்த்திருக்கிறார். "மீன நான் கொண்டு போறேன்" என்று டிரம்மை லோடு ஆட்டோவில் ஏற்றினேன்.

அவர் வாசல் வரைக்கும் வந்து, "ஒன் கடையில செத்தாலும் கணக்குல சேருமா தம்பி?" என்றார்.

இப்போது அது என் கடையில்தான் இருக்கிறது. விற்பனைக்கு இல்லை. வாரம் தவறாமல் அவரிடமிருந்து போன் வரும். "மீனு எப்படி இருக்கு தம்பி?" ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

"ஒங்க புண்ணியத்துல நல்லா இருக்கு அண்ணாச்சி. இன்னும் பத்து வருசம் இருக்கும்" என்பேன்.