மௌனக் கூடத்தில் என் பேரைச் சொன்னேன்

திருவண்ணாமலையை ஒட்டின எங்கள் வேங்கிக்காலில் ஒரு டீக்கடை. எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன், காரணம் போகப்போகத் தெரியும். அங்கே மாஸ்டர் தினமும் ஒரே கேள்வி கேட்பார். "எப்ப கெளம்புறீங்க?" சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை முடிந்து ஒரேயடியாக வந்துவிட்டேன் என்று முதல் வாரமே சொல்லிவிட்டேன். "சரிங்க" என்று டீயை ஆற்றிக் கொடுப்பார். மறுநாள் மறுபடியும் அதே கேள்வி. சிங்கப்பூரில் இருந்த காலமெல்லாம் என்னைத் திருவண்ணாமலை என்றுதான் கூப்பிட்டார்கள். இங்கே வந்ததும் நான் சிங்கப்பூர்க்காரர்.

அங்கே இருக்கிற கூட்டாளிகளுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். ஊருக்கு வருகிறவன் கையைத்தான் எல்லாரும் முதலில் பார்ப்பார்கள். தைலமும் சாக்லேட்டும் வீட்டுக்குள் போய்விடும். ஆம்பளைகளுக்கு வேண்டியது ஏர்போர்ட் பாட்டில். என் தங்கை வீட்டுக்காரர் முருகேசன் என் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்துவிட்டு, "வெறுங்கையோடவா வந்தீங்க மச்சான்?" என்றார். குடியை விட்டுவிட்டேன் என்றேன். "அதெல்லாம் அந்த ஊரோட போச்சு. ஞாயித்துக்கெழம பேரனுக்குக் காது குத்து. கெடா வெட்டுறோம். நீங்க ஒரு ரவுண்டு போடலன்னா நான் சோத்துல கை வெக்க மாட்டேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் நாக்குக்கு அடியில் ஊறியது. அந்த ஊறல் எனக்குப் பழக்கம். ஒரு ரவுண்டோடு நிற்கிற ஆள் நான் இல்லை.

சிங்கப்பூரில் அதற்கு வழி இருந்தது. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறை. சனிக்கிழமை சாயந்திரம் குடியை விட்டவர்களும் விட நினைக்கிறவர்களும் வட்டமாக உட்காருவோம். கொஞ்ச நேரம் கண்ணை மூடி மௌனம். பிறகு ஒவ்வொருவராக எழுந்து, பேரைச் சொல்லி, நான் ஒரு குடிகாரன் என்று சொல்ல வேண்டும். எல்லாரும் "வணக்கம்" என்பார்கள். அந்த வணக்கம் ஒரு வாரத்துக்குத் தாங்கும். அந்த அறையில் ஒரு ஃபேன் உண்டு, யாராவது அழ ஆரம்பித்தால் சரியாக அப்போதுதான் கடகடவென்று சத்தம் போடும். அது தனிக் கதை, இருக்கட்டும். எனக்குப் படிப்பு கிடையாது. புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் முழிப்பேன். அதனால் கூட்டம் முடிந்ததும் இரும்பு நாற்காலிகளை மடக்கிச் சுவரில் சாத்துவது என் வேலை. அதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

காது குத்துக்கு முந்தின நாள் ஆட்டோ பிடித்தேன். குடி என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். "எல்லாரும் வட்டமா உக்காந்து மனச எறக்கி வெப்பாங்களே, அப்பிடி எடம் ஒண்ணு இங்க இருக்குதா, தம்பி?" என்றேன். டிரைவர் யோசிக்கவே இல்லை. "இருக்குது பெரியவரே. வெள்ளக்காரங்க ஜாஸ்தியா வருவாங்க. உக்காருங்க." செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், ஒரு தோட்ட வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்.

உள்ளே வட்டமாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள், தரையில் மெத்தை போட்டு, கண்ணை மூடிக்கொண்டு. சரியான இடம்தான் என்று நானும் மூடினேன். மௌனம் முடிகிற வழியாக இல்லை. கோயில் ஊர், மௌனமும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும் என்று பொறுத்துக்கொண்டேன். கால் மரத்துப்போனது. பாவம், முதலில் பேச எல்லாருக்கும் வெட்கம் போலிருக்கிறது என்று, மூத்தவன் என்ற முறையில் நான் எழுந்தேன்.

"என் பேரு தணிகாசலம். நான் ஒரு குடிகாரன். நாளைக்கி காது குத்துல குடிச்சிடுவனோன்னு பயமா இருக்குது."

ஒரு வெள்ளைக்கார அம்மா உதட்டில் விரல் வைத்தார். இன்னொருவர், யாரோ சாமியார் வாக்கு சொல்கிறார் என்று நினைத்தாரோ என்னவோ, என்னைக் கும்பிட்டார். வணக்கம் சொல்லத்தான் ஆளில்லை. உட்காரவும் தெரியாமல் ஓடவும் தெரியாமல் நின்றேன். அப்போது மூலையிலிருந்து உடைந்த தமிழில் ஒரு குரல். "வணக்கம், தணிகாசலம்."

வேட்டி கட்டிய தாடிக்காரர். பேர் பீட்டர், ஊர் ஹாலந்து. என்னை வெளியே கூட்டிவந்து, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "இது தியானம். நானும் குடிகாரன். நம்ம மீட்டிங், வேங்கிக்கால்." என் வீடு இருக்கிற வேங்கிக்காலுக்கு ஹாலந்துக்காரர் வழிகாட்ட, வந்த வழியே திரும்பினேன்.

ஒரு தையல் பள்ளிக்கு மேல்மாடியில் கூட்டம். படியேறிப் பார்த்தால், டம்ளர்களை வரிசையாக வைத்து டீ ஊற்றிக்கொண்டிருந்தவர் நம்ம மாஸ்டர்.

"நீங்களா?" என்றார்.

"நீங்களா?" என்றேன்.

"தெனமும் வர்றீங்களே, ஒருநாள் சொல்லியிருக்கலாமில்ல?"

"கடையில நாலு பேரு நிக்கறப்ப எப்பிடிங்க சொல்றது?"

"அதுவும் சரிதான். நானும் சொல்லலையே" என்று டம்ளரை என் கையில் கொடுத்தார்.

இந்தத் தடவை பேரைச் சொன்னதும் மாடி முழுக்க வணக்கம் சொன்னது. முருகேசன் விஷயத்தையும் சொன்னேன். மாஸ்டர் யோசித்தார். "கடைய என் மச்சினன் பாத்துக்குவான். நான் வரேன், பக்கத்துல உக்காந்துக்கறேன். கறி உண்டுல்ல?"

வந்தார், பெரிய ஃபிளாஸ்க்கோடு. எனக்கும் முருகேசனுக்கும் நடுவில் அழுத்தமாக உட்கார்ந்தார். பாட்டில் என் பக்கம் வரும்போதெல்லாம் என் டம்ளரில் டீ நிறைந்திருந்தது. "யாரு மச்சான் இவரு, நடுவுல வந்து?" என்று முருகேசன் முறைத்தார். "நம்ம ஊருக்காரரு" என்றேன். சோற்றில் கை வைக்க மாட்டேன் என்றவர் கறிக்குக் கையை நீட்டிக்கொண்டே இருந்தார்.

காலையில் டீ குடிக்கப் போனால் மாஸ்டர் இப்போது அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. சனிக்கிழமைதோறும் மாடிக்குப் போகிறேன். கூட்டம் முடிந்ததும் கை தானாக நாற்காலிக்குப் போகிறது. முதுகைப் பிடித்து, முட்டியால் ஒரு தள்ளு தள்ளினால் மடங்க வேண்டும். இது பிளாஸ்டிக். "இது மடங்காதுண்ணா, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கணும்" என்று மாஸ்டர் வாராவாரம் சொல்கிறார். அடுக்குகிறேன். அடுத்த நாற்காலியைத் தொட்டதும் முட்டி மறுபடி தூக்கிக்கொள்கிறது.