அண்ணாச்சி பெயர் முதலில்

நாசரேத்துக்காரி ஜெபசெல்வி, தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் தனராஜ் அண்ணாச்சியின் கப்பல் ஏஜென்சியில் மூன்று வருடமாகத் தற்காலிகம். தற்காலிகம் என்பது சம்பளத்துக்கு மட்டும்தான், வேலைக்கு அல்ல. சர்வர் படுத்தால் அவள், பிரிண்டர் முரண்டு பிடித்தால் அவள், அண்ணாச்சி மகளின் கல்யாணப் பத்திரிகையை டைப் அடித்ததும் அவள். இந்த மாதம் நிரந்தரம் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். அதை அவள் அம்மா ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, கர்த்தர் செய்த நன்மை என்று சாட்சியே சொல்லிவிட்டாள்.

அந்தக் கல்யாணப் பத்திரிகைக்குப் பெயர் வரிசை போட நாலு நாள் பிடித்தது. ஒருத்தர் பெயர் ஒரு வரி கீழே இறங்கினாலும் வீட்டில் அடுப்பு எரியாது. குடும்பத்தில் இல்லாதவன் பெயர் தலை காட்டவே கூடாது. இந்த மனிதர்களுக்கு உலகமே ஒரு கல்யாணப் பத்திரிகை, வேறென்ன சொல்ல?

அவள் செய்த ஒரே தப்பு, டீ நேரத்தில் அண்ணாச்சிக்கு விளக்கம் சொன்னது.

"நாம ஒரு கமாண்ட் அடிச்சா, அது எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு சிஸ்டம் வரிசையாத் தேடும் அண்ணாச்சி. பாத்னு ஒரு வரி இருக்கு, ஃபோல்டர் பேரெல்லாம் அதுலதான். அதுல எது முன்னால இருக்கோ, அங்கன கெடச்சத எடுத்துக்கிடும்."

"முன்னால யாரு பேரு இருக்கு?"

"சின்ன அண்ணாச்சி பேரு. கண்டெய்னர் பட்டியல் போடுத புது புரோகிராம் அவுக ஃபோல்டர்லதான் இருக்கு."

சின்ன அண்ணாச்சி என்றால் தம்பி ஜேசுபாதம். அதற்கப்புறம் தனராஜ் அண்ணாச்சி டீயைத் தொடவில்லை.

மறுநாள் அவள் சாப்பிட்டுவிட்டு வந்து, கமாண்ட் அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்தாள். எதை அடித்தாலும் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்'. மணி இரண்டு. உடன்குடிக் கருப்பட்டி ஏற்றிய கண்டெய்னர்களின் பட்டியல் நாலு மணிக்குள் கப்பல்காரர்களுக்குப் போயாக வேண்டும்.

"ஏளா, நாலு மணிக்குப் போவலன்னா நிரந்தரத்த மறந்துரு," என்றார் அண்ணாச்சி, ஃபேனைப் பார்த்துக்கொண்டு.

அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டாளே. பாத் வரியைக் காட்டும்படி திரையில் அடித்தாள். அதற்கு எங்கும் தேட வேண்டியதில்லை என்பதால் திரை காட்டியது. ஒரே பெயர், தனராஜ். அடுத்து ஒரு கமாண்டை, அது இருக்கும் ஃபோல்டரின் முழு முகவரியோடு அடித்தாள், ஓடியது. ஆக, எதுவும் தொலையவில்லை. தேட வேண்டிய இடங்கள்தான் வரியில் இல்லை. திரை திறக்கும்போது சிஸ்டம் முதலில் படிக்கிற ஃபைலைப் பார்த்தாள். திருத்திய நேரம் ஒன்று இருபது, அவள் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்த நேரம்.

டைப்பிஸ்ட் ஃபிராங்க்ளினைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி சொன்னாவ, செஞ்சேங்க்கா," என்றான் அவன். "அவுக பேர முன்னால போடச் சொன்னாவ. தம்பி பேர எடுக்கச் சொன்னாவ. பொறவு யூசர் பின், பின்னு ரெண்டு கெடந்துச்சு. இவனுவ யாரு, நம்ம குடும்பத்துல இப்பிடி ஒருத்தனும் இல்லியேன்னாவ."

சிஸ்டத்தின் கமாண்டெல்லாம் குடியிருக்கிற ஃபோல்டர்கள் அவை; ஆபீசில் உள்ள அத்தனை வேலையையும் செய்கிறவர்கள் அந்த ரெண்டு பேர்தான். பத்திரிகையிலிருந்து அடித்துவிட்டார் மகராசன்.

பழையபடி வைத்தால் நாளைக்கு மறுபடி வெட்டுவார். அவரை முதலில் வைத்தால், அவர் ஃபோல்டரில் கிடக்கிற பத்து வருடப் பழைய பட்டியல் புரோகிராம்தான் சிக்கும். அது இப்போதைய படிவத்தைக் கண்ணால் கண்டதில்லை. ஜெபசெல்வி அண்ணாச்சி ஃபோல்டரைச் சுத்தமாக வழித்தெடுத்து வேறிடத்தில் போட்டாள். காலி ஃபோல்டரை முதலில் வைத்தாள், அடுத்து தம்பி, அதற்கடுத்து குடும்பத்தில் இல்லாத அந்த ரெண்டு பேர். புதுத் திரை திறந்தாள். சிஸ்டம் மரியாதையாக அண்ணாச்சி வாசலுக்குப் போய், ஒன்றும் இல்லை என்று கண்டு, அடுத்த வீட்டுக்கு நடந்தது. மூன்று நாற்பதுக்குப் பட்டியல் போய்விட்டது.

"எம்பேரப் போட்ட பொறவுதான சரியாச்சு?"

"ஆமா அண்ணாச்சி," என்றாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

சேதி வீட்டுக்குப் போனது. மச்சினன், மாப்பிள்ளை, சித்தப்பா மகன்கள் என்று ஆளுக்கொரு ஃபோல்டர் கேட்டார்கள். ஒரே வாரத்தில் வரியில் குடும்பப் பெயர் மட்டும் ஏழு. யார் ஃபோல்டரில் புரோகிராம் என்ற வம்பு வேண்டாம் என்று அதை எட்டாவதாக ஒரு ஃபோல்டருக்கு மாற்றினாள். ஏழும் காலி. ஆபீஸ் ஜோராக நடக்கிறது.

நிரந்தர உத்தரவையும் அவளையே டைப் அடிக்கச் சொன்னார்கள். அண்ணாச்சி முதல் கையெழுத்தைப் போட்டார். இரண்டாவது கையெழுத்து மச்சினனா மாப்பிள்ளையா என்று தகராறு. அஞ்சு மாதமாக அந்தத் தாள் மேஜை டிராயரில் கிடக்கிறது. முதல் மாதம் அவள் பஸ்ஸில் அழுதுகொண்டே ஊருக்குப் போனாள். இப்போது அழுவதில்லை.

பட்டியல் தினமும் எட்டாவது ஃபோல்டரிலிருந்துதான் போகிறது. அந்த ஃபோல்டருக்கு அவள் வைத்திருக்கிற பெயர், தற்காலிகம்.